காலுக்குக் கட்டுப்படும் மோட்டார்: கண்டி மேட்டில் ஒரு கம்பியில்லாப் பரிசோதனை

கண்டி மாநகரின் அழகுக்குக் காரணமான மேடு பள்ளங்களே துவிச்சக்கர வண்டி ஓட்டுபவருக்குப் பெருஞ் சோதனையாகவும் அமைந்துவிட்டன. வாவியைச் சுற்றி வருவது இன்பம். அங்கிருந்து ஹந்தானைக்கோ அம்பிட்டியாவுக்கோ ஏறத் தொடங்கினால் கால் தளரும், மூச்சு முட்டும். 2022ஆம் ஆண்டு பெற்றோலுக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் காத்து நின்ற காலத்தில், மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்தெடுத்த குடும்பங்கள் பல. அவர்களுள் நாமும் அடங்குவோம். சமதரையில் பழைய வண்டி நன்றாகவே ஓடியது. மேட்டை வெல்லும் பொருட்டுப் பின்னர் அதில் ஒரு மின் மோட்டாரைப் பொருத்தினோம்.

மோட்டாரைப் பொருத்தியதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஓட்டுபவர் மிதிக்கின்றாரா, மிதிப்பதை நிறுத்திவிட்டாரா என்பதை அதற்கு அறிவிப்பது யார்? ஜப்பானின் யமஹா நிறுவனம் மிதிப்பவருக்குத் துணைசெய்யும் மின் சைக்கிளை 1993இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கால் உழைக்கும்போது மோட்டாரும் உழைக்க வேண்டும். கால் ஓய்ந்தால் மோட்டாரும் ஓய வேண்டும் என்பதே இத்தகைய வண்டிகளுக்குரிய தருமம். ஐரோப்பிய நாடுகளில் இது விதியாகவே உள்ளது. அங்கே சாதாரண மின் சைக்கிளின் மோட்டார் 250 வாற்று வலுவுக்கு உட்பட்டிருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரை எட்டியதும் அதன் துணை நின்றுவிட வேண்டும்.

மிதிப்பதை அறியும் கருவியை மிதி உணரி என்பர். வழக்கமாக அது பெடல் அச்சில் காந்த வளையமாக அமைந்து, ஒரு கம்பி வழியே கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைந்திருக்கும். எமது பழைய வண்டியின் அச்சில் அவ்வளையத்துக்கு இடம் போதவில்லை. தாழ்வாக ஓடும் கம்பியோ மலைநாட்டு மழைக்கும் சேற்றுக்கும் நெடுநாள் தாங்காது. ஆகவே கம்பியில்லா உணரி ஒன்றை நாமே செய்யத் துணிந்தோம்.

இதன் தத்துவம் எளிது. றீட் ஆளி என்பது ஒரு சிறு கண்ணாடிக் குழாய். அதனுள் இரு மெல்லிய உலோக நாக்குகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். காந்தம் அருகே வந்தால் அவை ஒட்டிக்கொள்ளும்; விலகினால் பிரியும். பெடல் தண்டில் ஒரு காந்தத்தையும் வண்டியின் சட்டத்தில் இவ்வாளியையும் பொருத்தினால், பெடல் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மின் துடிப்புக் கிடைக்கும். சிறு லிதியம் மின்கலத்தில் இயங்கும் நுண்கட்டுப்படுத்தி ஒன்று அத்துடிப்பை வானொலி அலையாக அனுப்பும். மோட்டாரின் அருகிலுள்ள மற்றொன்று அதனை வாங்கிக்கொள்ளும்.

முதலில் ஒரே காந்தத்தோடுதான் செய்தோம். அங்கேதான் பிழை நேர்ந்தது. மேட்டில் மெல்ல மிதிக்கையில் பெடல் நிமிடத்துக்கு 30 சுற்றே சுற்றும். அதாவது துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே 2 வினாடி. அந்த இடைவெளியில் மோட்டார் அறுந்து அறுந்து ஓடாதிருக்க, கருவி 2 வினாடிக்கு மேல் காத்திருந்தே "கால் நின்றுவிட்டது" என்று முடிவு செய்யும்படி அமைத்திருந்தோம். மேடு முடிந்து, சமதரையில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போதும் அதே காத்திருப்புத்தான். 2 வினாடியில் வண்டி 11 மீற்றர் தூரம் போய்விடும் அன்றோ! ஒருநாள் மாலை வளைவொன்றில் எதிரே பஸ் வந்தது. மிதிப்பதை நிறுத்தினோம், மோட்டாரோ நிறுத்தவில்லை. இரு பிறேக்குகளையும் இறுகப் பிடித்து மதிலோரம் ஒதுங்கியதால் உயிர் தப்பினோம்.

அன்றிரவே கருவியைக் கழற்றினோம். பெரிய பற்சக்கரத்தில் ஒரு தட்டைப் பொருத்தி, சம இடைவெளியில் 12 காந்தங்களை ஒட்டினோம். அதே 30 சுற்றுக்கு இப்போது வினாடியில் 6 துடிப்புகள். ஆளிகளையும் இரண்டாக்கிச் சற்று விலக்கி வைத்தோம். எது முதலில் மூடுகின்றது என்பதைக் கொண்டு, பெடல் முன்னோக்கிச் சுற்றுகின்றதா பின்னோக்கிச் சுற்றுகின்றதா என்பதை அறியலாம்.

இவற்றினும் முக்கியமானது செய்தியின் பொருளை மாற்றியமையாகும். "ஓடு" என ஒரு செய்தியும் "நில்" என ஒரு செய்தியும் அனுப்புவது பேராபத்து. "நில்" என்பது வழியில் தவறிவிட்டால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஆதலின் "நில்" என்ற செய்தியையே நீக்கிவிட்டோம். முன்னோக்கி மிதிக்கும் மட்டும் "மிதிக்கின்றார், மிதிக்கின்றார்" என்ற செய்தி இடைவிடாது செல்லும். கால் வினாடி மௌனம் நிலவினால் மோட்டார் நின்றுவிடும். மின்கலம் தீரட்டும், மழைநீர் புகட்டும், அலை தவறட்டும். விளைவு மௌனமே, மௌனத்தின் பொருள் நிறுத்தமே. எப்போதாவது ஒரு செய்தி தவறினால் மோட்டார் ஒரு கணம் தயங்கும், அவ்வளவே. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திலும் கால் வினாடியில் வண்டி ஒன்றரை மீற்றர் கூடச் செல்லாது.

கடைகளில் விற்கும் புளூடூத் மிதி உணரிகளை இதற்குப் பயன்படுத்தலாமே என மாணவர் சிலர் கேட்கக்கூடும். அவை பொதுவாக வினாடிக்கு ஒரு முறையளவிலேயே செய்தி அனுப்புவன. திரையில் எண்ணைக் காட்ட அது போதும். மோட்டாரை ஆளப் போதாது.

செய்து பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு இரண்டு சொற்கள். பிறேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் ஆளியைக் கம்பி வழியாகவே இணையுங்கள். அதனைக் காற்றலையை நம்பி விடாதீர்கள். முதற் பரிசோதனையைப் பின்சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தி வைத்துப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் செய்யுங்கள்; உணரியின் மின்கலத்தை வேண்டுமென்றே கழற்றி, மோட்டார் நிற்கின்றதா என்று பாருங்கள். அது நின்ற பின்னரே வண்டியை வீதிக்கு இறக்குங்கள்.

இன்று எமது பழைய வண்டி ஹந்தானை மேட்டில் ஏறுகின்றது. வளைவில் காலை நிறுத்தினால் மோட்டாரும் உடனே அடங்குகின்றது. ஏறும் வலிமையைக் காட்டிலும் அந்த அடக்கமே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.