பெயரை மாற்றினால் படம் மாறுமா?

ஐபோனில் எடுத்த படத்தை இணைய விண்ணப்பத்தில் ஏற்றப் போனால், ‘ஜேபிஜி மட்டும்’ என்று சில தளங்கள் மறுத்துவிடும். கோப்பின் பெயரில் உள்ள ‘ஹெச்இஐசி’யை அழித்துவிட்டு ‘ஜேபிஜி’ என்று எழுதிப் பார்ப்பவர்கள் உண்டு. பலிக்காது. புள்ளிக்குப் பின்னால் வரும் அந்தச் சில எழுத்துகள், எந்தச் செயலியில் கோப்பைத் திறப்பது என்று கணினிக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே. படம் எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பதைக் கோப்பின் உள்ளடக்கமே சொல்லும். எடுத்துக்காட்டாக, பிஎன்ஜி என்ற இன்னொரு பட வகையில் எந்தக் கோப்பும் 137, 80, 78, 71 என்ற எண்களில்தான் தொடங்கும். படத்தைத் திறந்து, ஜேபிஜியாக மறுபடி சேமிப்பதுதான் வழி.

சுருக்காமலே வைக்கலாமே என்றால், 12 மெகாபிக்சல் படம் ஒன்றே 36 மெகாபைட்டை அடைத்துக்கொள்ளும். ஆகவே எல்லாரும் சுருக்குகிறார்கள். எப்படி என்பதில்தான் பிரிகிறார்கள். 1992இல் தரநிலையான ஜேபிஜி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். முகங்களுக்கும் இயற்கைக் காட்சிகளுக்கும் அது போதும். எழுத்துள்ள படமென்றால் ஓரங்களில் அழுக்குப் படிந்தாற்போல் தெரியும். அங்கே ஒரு புள்ளியையும் இழக்காத பிஎன்ஜிதான் சரி. (ஜேபிஜி, ஜேபிஇஜி இரண்டும் ஒன்றே. பழைய எம்எஸ்-டாஸ் இயங்குதளம் புள்ளிக்குப் பின்னால் மூன்றெழுத்துக்கு மேல் அனுமதிக்கவில்லை, அவ்வளவுதான்.)

ஆனால் இத்தனை வகைகள் இருப்பதற்குத் தொழில்நுட்பம் மட்டுமே காரணமல்ல, பணமும் காரணம். அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ஜிஃப், ஒரு படத்துக்கு 256 நிறங்களே கொண்டது என்றாலும் உலகெங்கும் பரவியது. அது பயன்படுத்திய சுருக்க முறைக்கு யுனிசிஸ் நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது. ஜிஃப்பைக் கையாளும் மென்பொருள்களுக்கு உரிமத்தொகை கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு 1994 டிசம்பர் இறுதியில் வந்தது. நிரலாளர்கள் கொதித்துப்போனார்கள். சில நாட்களுக்குள், 1995 ஜனவரியிலேயே, தாமஸ் பூட்டெல் என்ற நிரலாளர் மாற்று வடிவத்துக்கான முதல் வரைவை இணையத்தில் வைத்தார். பலர் கூடிச் செப்பனிட்ட அந்த வரைவே 1996இல் பிஎன்ஜியாக முழுமை பெற்றது.

ஒன்றை மட்டும் அவர்கள் விட்டுவிட்டார்கள்: அசையும் படம். அந்த ஒரு வசதியால்தான் ஜிஃப் இன்றும் இணையத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் அதன் சுருக்க முறைக்கான காப்புரிமை 2003இல் காலாவதியானது. சண்டை மட்டும் ஓயவில்லை. ஹெச்இஐசியின் அடித்தளமான ஹெவிக் சுருக்க முறைக்கும் உரிமத்தொகை உண்டு. அதைத் தவிர்க்கவே கூகுள், நெட்ஃபிளிக்ஸ் முதலிய நிறுவனங்கள் கூடி உருவாக்கிய கட்டணமில்லா முறையிலிருந்து 2019இல் ஏவிஐஎஃப் என்று இன்னொரு வகை வந்து சேர்ந்தது.