பின்னல் நரம்பின் குணமும் தோஷமும்

சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில், 1966-இல் கட்டப்பட்டு, ஏறத்தாழக் கால் கிலோமீட்டர் தூரம் கடலுக்குள் நீண்டு நிற்கும் பிடோக் படகுத்துறையிலும், லிட்டில் இந்தியாவின் ஓரமாக ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீரை ஏற்றுக்கொள்ளும் மரீனா நீர்த்தேக்கத்தின் அனுமதிக்கப்பட்ட கரைகளிலும், தூண்டில் போடுகிறவர்களின் ரீல்களை உற்றுப் பார்த்தால், கண்ணாடி போன்ற பழைய நைலான் நரம்பு இருந்த இடத்தில் வண்ணமேறிய மெல்லிய பின்னல் நரம்பு குடியேறியிருப்பதைக் காணலாம். இந்நரம்பைப் போற்றுகிறவர்கள் உண்டு. வீசும்போது சிக்கலாகிறது, முடிச்சு நழுவுகிறது என்று அதை வெறுத்து ஒதுக்குகிறவர்களும் உண்டு. ஆனால் அதன் குணங்களும் தோஷங்களும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதை அறிந்தவர்க்கு இந்த வழக்கு எளிதில் தீர்ந்துவிடும்.

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவரும் பிளாஸ்டிக் பையும் இந்த நரம்பும் ரசாயன ரீதியில் ஒரே பொருள்தான், இரண்டும் பாலிஎத்திலீன். பையில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் குட்டையாகவும் தாறுமாறாகவும் கிடக்கின்றன. நெதர்லாந்து நாட்டு டி.எஸ்.எம். நிறுவனத்தின் விஞ்ஞானிகளான பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா என்னும் இருவர், 1970-களின் பிற்பகுதியில், மிக நீண்ட சங்கிலிகளையுடைய பாலிஎத்திலீனைக் கரைப்பானில் கரைத்து, நுண்துளை வழியே பிழிந்து, குளிர்வித்துக் களியாக்கி, பின்பு பல மடங்கு நீளத்துக்கு இழுத்தபோது, சிக்குண்ட கூந்தலை வாரிவிட்டாற்போல் அச்சங்கிலிகள் யாவும் ஒரே திசையில் படிந்தன. எடைக்கு எடை எஃகையும் பன்மடங்கு விஞ்சும் இழை அவ்வாறு பிறந்தது. அத்தகைய இழைகளை நான்காகவோ எட்டாகவோ சேர்த்துப் பின்னியதே நம் நரம்பு.

சங்கிலிகள் முன்னரே நீட்டப்பட்டுவிட்டமையால், அறுவதற்கு முன் இது நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் நீளும். நைலானோ இருபது பங்குக்கு மேலும் நீளக்கூடியது. நீர்த்தேக்கங்களில் செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி உண்டாகையால், தோமான் என்னும் பெரிய விராலோ பீக்காக் பாஸோ அதைத் தொட்ட கணமே கைக்குச் செய்தி வரவேண்டும். அதை நீளாத நரம்பே சரியாகக் கொண்டுவந்து சேர்க்கும். 20 ராத்தல் தாங்கும் பின்னல் நரம்பு, 6 அல்லது 8 ராத்தல் நைலானின் பருமனே உடையதாகையால் வெகுதூரம் பறக்கிறது.

அதே சங்கிலிகளின் மேற்பரப்பில் பிறபொருள் பற்றிக்கொள்ள ஏதுவான அணுக்கூட்டம் எதுவும் இல்லை. ஆகவே சாயம் ஒட்டுவதில்லை, வெளுக்கிறது; சாதாரண முடிச்சு நழுவுகிறது; வழவழப்பான உலோக ஸ்பூலில் நேரே சுற்றினால், மீன் இழுக்கும்போது நரம்பு முழுவதும் ஒரே கட்டாகச் சுழல, நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக் பழுதடைந்ததென்று நாம் மயங்குகிறோம். முதலில் சில சுற்று நைலானைச் சுற்றி, அதன்மேல் பின்னல் நரம்பை ஏற்றுவதே இதற்குப் பரிகாரம்.

சிக்கலின் காரணத்தை ரீலின் அமைப்பில் தேட வேண்டும். பிராட்ஃபோர்டு நகரத்துக் கம்பளி ஆலை அதிபரான ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905-இல் காப்புரிமை பெற்ற நிலை-ஸ்பூல் ரீலின் வழிவந்த இன்றைய ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது ஸ்பூல் சுழல்வதில்லை; நரம்புதான் அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக வெளியேறுகிறது. துவண்டு கிடக்கும் சுபாவமுள்ள இந்நரம்பு, இழுவிசையின்றித் தளர்வாகச் சுற்றப்பட்டுவிட்டால், அடுத்த வீச்சில் மேல்வளையம் கீழ்வளையங்களையும் கவ்விக்கொண்டு கிளம்புகிறது. காற்றில் முடிச்சு விழுகிறது. எனவே ஏற்றும்போது ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்றுக. விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்துக. வீசியபின், நரம்பை ஸ்பூலில் சுற்றும் பெயில் கம்பியைக் கையால் மூடி, தொங்கலை இழுத்துவிட்டுப் பின்னரே கைப்பிடியைச் சுழற்றுக. முனையில் பாலோமர் முடிச்சு நன்று. படகுத்துறைத் தூண்களில் ஒட்டிய சிப்பிகளின் கூர்மையை மெல்லிய இழைகள் தாங்காவாகையால், தடித்த நைலானிலோ ஃப்ளூரோகார்பனிலோ லீடர் என்னும் முனைத்துண்டு ஒன்றைக் கட்டுவது அவசியம். மீன் திடீரென இழுக்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் நெகிழ்ச்சி பின்னல் நரம்புக்கு இல்லாததால், டிராக்கைச் சற்றுத் தளர்த்தி வைக்கவும் வேண்டும்.

இன்னொரு தோஷம் மட்டும் ரீலைச் சேர்ந்ததன்று, நம்மைச் சேர்ந்தது. நீரைவிட இலேசானதாகையால் அறுந்த துண்டு மிதக்கும். நுண்ணுயிர் எளிதில் தின்னாததால் நெடுங்காலம் கிடக்கும். காலில் சுற்றிக்கொண்டால் நாரைக்கோ கொக்கிற்கோ அதை அறுக்கும் வலிமை இல்லை. ஆதலால் தூண்டிற்கோல் பிடிக்கும் அன்பர்கள் ஒவ்வொருவரும், வெட்டிய நரம்பின் ஒரு சாண் துண்டையும் கரையில் விடாமல், வீட்டுக்கு எடுத்துச்சென்று, பொடிப்பொடியாக நறுக்கிக் குப்பைத்தொட்டியில் சேர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.