ஒரு சிட்டிகை அருமண்

மரக்காணத்தில் அடுப்பில் உப்புத் தூள் தெறித்தால் நெருப்பு மஞ்சளாகச் சீறும். உப்பிலுள்ள சோடியம் வெப்பத்தை வாங்கிக்கொண்டு அதை ஒளியாகத் திருப்பித் தருகிறது என்று வகுப்பில் கேட்டபோது, உப்பளத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. ஆனால், வாங்கியதை வீணாக்காமல் ஒளியாகவே தரும்படி ஒரு பொருளைப் பழக்குவது எவ்வளவு கடினம் என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

எங்கள் தாத்தாக்கள் விடியுமுன் பாத்திக்குச் செல்லப் பயன்படுத்திய பெட்ரோமாக்ஸ் விளக்கையே எடுத்துக்கொள்வோம். அதன் மேண்டிலை உருவாக்கியவர் ஆஸ்திரிய வேதியியலார் கார்ல் ஔவர் வான் வெல்ஸ்பாக். முதலில் அவர் செய்தவை மங்கலாக எரிந்தன. 1891இல் வெற்றி தந்த மேண்டிலில் தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. சீரியம் இல்லாவிட்டால் விளக்கு மங்கல், கூடிப்போனாலும் மங்கலே! குழம்புக்கு உப்புப் போடுவது போலத்தான்.

சீரியம் 'அருமண்' எனப்படும் தனிமங்களுள் ஒன்று. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், நம் தென்கோடியிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கனிமத்தைக் கண்டார். தோரியமும் சீரியமும் அதில் உண்டு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை எழுந்தது அதனால்தான்.

அருமண்களுள் எர்பியம் என்று மற்றொன்று உண்டு. மோனசைட்டில் அது மிகச் சொற்பம். அதைக் கண்ணாடியில் கலந்து, 980 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளியை ஊட்டினால், சுமார் 1,550 நானோமீட்டரில் ஒளி தருகிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணாடி இழையில் மிகக் குறைந்த இழப்புடன் நெடுந்தூரம் செல்லும் ஒளி அதுவே. செய்தி சுமந்து களைத்து வரும் ஒளிக்கு எர்பியம் புது வலிமை கொடுக்கிறது.

இழையாக இருந்தால் எர்பியம் கலந்த கண்ணாடியைப் பல மீட்டர் நீளத்துக்கு வைக்கலாம். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிப் படலமாக ஒரு சிறு சில்லின்மேல் பூசும்போது சில சென்டிமீட்டர்களே கிடைக்கும். சரி, எர்பியத்தை அதிகம் கொட்டினால் என்ன என்று நாங்களும் கேட்டோம். கூட்டம் கூடினால் எர்பியம் அயனிகள் ஒன்றின் ஆற்றலை மற்றொன்றுக்குக் கைமாற்றியே வீணாக்கிவிடுகின்றனவாம். உப்பளத்திலும் இதே கதை உண்டு. சுமார் 25 டிகிரியில் உப்புப் பூக்கும். 30 டிகிரி தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அதற்குள் அந்த நீரை வடித்துவிட வேண்டும்.

ஆகவே அறிவியலார் வேறு வழிகளைக் கையாளுகின்றனர். சிலிக்கா கண்ணாடியில் அலுமினியம் சேர்த்தால் எர்பியம் திரளாமல் விலகி நிற்கிறது. இட்டெர்பியம் என்னும் அருமண்ணைத் துணைக்கு வைத்தால், அது லேசர் ஒளியை ஏராளமாகப் பிடித்து எர்பியத்திடம் ஒப்படைக்கிறது. எல்லாவற்றிலும் எங்களுக்கு வியப்பூட்டியது ஈரம்தான்! கண்ணாடிக்குள் நீரின் மிச்சமாக ஹைட்ராக்சில் தங்கிவிட்டால், அது எர்பியத்தின் ஆற்றலைப் பறித்து வெப்பமாக்கிவிடுகிறது. எனவே படலத்தைச் சூடேற்றி உலர்த்துகிறார்கள். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த எங்கள் அம்மாக்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

திண்டுக்கல் அருகே காந்திகிராமப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் அருமண் கலந்த கண்ணாடிகளை உருக்கி ஆராய்ந்து வந்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது, "நம் ஊர்ப்பக்கம்கூடவா!" என்று மகிழ்ந்தோம்.

சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இத்தகைய வடங்களில் வழிநெடுக ஒளியைப் பெருக்குவது எர்பியம் கலந்த இழையே. எங்கள் தோழி ஒருத்தியின் சித்தப்பா போர்ட் பிளேரில் தச்சு வேலை செய்கிறார். 2024 முதல் அவ்வூரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். செயற்கைக்கோளையே நம்பியிருந்த நாட்களில் அவர் குரல் பாதியில் அறுந்துபோகும். இப்போது முகம் பார்த்தே, "பாத்தியில் உப்புப் பூத்ததா?" என்று கேட்கிறார். அவளும் கைப்பேசியைப் பாத்திப் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள்.