மலை ஏறும் வண்டியும் புகையின் வாடையும்

மல்லியைக் கையில் அள்ளி முகர்ந்தால் அது புதுச் சரக்கா, போன வருடத்துச் சரக்கா என்று சொல்லிவிடுவோம். கடலை எண்ணெய் காறல் அடித்தால் டின்னைத் திறந்த உடனே தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சரக்கை ஏற்றிச் செல்லும் வண்டியின் புகை வாடையை மட்டும் நாம் கண்டுகொள்வதில்லை. "ஓடும் வரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதில் நமக்கு ஏற்பட்ட நஷ்டத்தையும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன கதையையும் வணிக நண்பர்களுக்குச் சொல்வது கடமை என்று கருதுகிறோம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் சரக்கு எடுத்து ஏற்காட்டுக்கு ஏற்றிச் செல்லும் கடைக்காரர்கள் பலர். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைந்து, சேலத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவாகிவிடுகிறது. ஏற்காட்டில் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். அங்கே தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். இன்ஜினுக்கும் காற்று குறைவதால் நல்ல வண்டியே சற்று இழுவை குறைந்து ஏறும். சமவெளியில் தெரியாமல் இருக்கும் கோளாறு, மூட்டைப் பாரத்தோடு மலை ஏறும்போது வெளிப்பட்டுவிடும்.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

இன்ஜினில் உள்ள சிலிண்டர்களில் ஒன்று தன் முறை வரும்போது எரியாமல் போவதையே மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள். மாருதி ஆம்னிக்கு மூன்று சிலிண்டர். ஒன்று படுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போயிற்று. 2005-ல் வந்த டாடா ஏஸ் டீசல் வண்டிக்கு இரண்டே சிலிண்டர். ஒன்று போனால் பாதி போயிற்று. வண்டி நின்றபடி ஓடும்போது குலுங்கும். ஏற்றத்தில் விட்டு விட்டு இழுக்கும்.

பெட்ரோல் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பிளக். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் பில்டரையும் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே இறங்குகிறது. வெளுத்திருந்தால் அதிகச் சூடு. பிளக் சரியாக இருந்தால் அடுத்தது காயில். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில், சந்தேகப்படும் காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். கோளாறும் கூடவே மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் இன்ஜெக்டர், வால்வு என்று போக வேண்டும். டீசல் வண்டிக்குப் பிளக்கில் தீப்பொறி கிடையாது. அதில் டீசல் பில்டரில் தேங்கிய தண்ணீர், நாசில், ஏர் பில்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

நமது அனுபவம்

நமது பெட்ரோல் வேன் ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடித்தது. ஒரு பட்டறையில் பிளக்கைத் துடைத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். காயிலை யாரும் பார்க்கவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. இன்ஜின் விளக்கு மினுக்கியதையும் டிரைவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த விளக்கு விடாமல் மினுக்கினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாய்க்குப் போய் அங்குள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டெரிக்கிறது என்று பொருள். விஷப் புகையைச் சுத்தம் செய்யும் பாகம் அதுதான். இரண்டு மாதத்தில் அது உருகிக் கெட்டது. காயிலின் விலையைப் போலப் பல மடங்கு செலவு.

பணம் போனது பெரிதல்ல. ஒரு நாள் மூட்டைகள் அதிகமாகி, பின்கதவை மூடாமல் கயிற்றால் கட்டி அனுப்பினோம். பனி என்று முன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார் டிரைவர். பாதி மலையில் அவருக்குத் தலைவலி, குமட்டல், கண் இருட்டு. நல்ல வேளையாக ஓரம் கட்டி இறங்கிவிட்டார். ஓடும் வண்டியின் பின்னால் காற்று சுழன்று, திறந்த கதவு வழியே புகையை உள்ளே இழுக்கும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு வளைவில் மயங்கியிருந்தால் நாம் எந்த முகத்தோடு அவர் வீட்டுக்குப் போயிருப்போம்? இப்படி நேர்ந்தால் உடனே இறக்கி நல்ல காற்றில் வைத்து, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வாடையும் காரணமும்

*பச்சைப் பெட்ரோல் வாடை:* புகையில் வந்தால் மிஸ்ஸிங் அல்லது பெட்ரோல் அதிகம். வண்டிக்குள் வந்தால் குழாய்க் கசிவு; தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, வண்டியை எடுக்கவே கூடாது.

*அழுகிய முட்டை வாடை:* கன்வெர்ட்டர் கோளாறு. பேட்டரிக்கு அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினாலும் இதே வாடை வரும். ஆனால் அது பேட்டரிப் பக்கமிருந்து வரும்.

*இனிப்பு வாடையும் வெள்ளைப் புகையும்:* ஹெட் கேஸ்கெட் போய்க் கூலண்ட் எரிகிறது. ஏற்காட்டுக் குளிரில் காலையில் வரும் வெண்ணிற ஆவி இன்ஜின் சூடானதும் மறையும். அதற்குப் பயப்பட வேண்டாம். சூடான பிறகும் மறையாததே கோளாறு.

*எண்ணெய் கருகலும் நீலப் புகையும்:* இன்ஜின் ஆயில் எரிகிறது. மலை இறங்கி அடிவாரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் குபீரென்று நீலப் புகை வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம்.

*ரப்பர் கருகியது போன்ற வாடை:* இது புகையில் வருவதல்ல. ஏறும்போது வந்தால் பெரும்பாலும் கிளட்ச். இறங்கும்போது வந்தால் பிரேக். உடனே நிறுத்தி ஆற விடவேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய டிரைவர்கள் சொன்ன நல்ல பாடம்.

புகைச் சான்று எடுக்கும்போது வரும் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். பெட்ரோல் வண்டிச் சீட்டில் உள்ள ஹைட்ரோகார்பன் அளவு சென்ற முறையைவிட வெகுவாக ஏறியிருந்தால், எரியாத பெட்ரோல் வெளியேறுகிறது என்று அறியலாம்.

மலைக்குச் சரக்கு அனுப்பும் வணிகர்கள் பின்கதவைத் திறந்து கட்டி அனுப்ப வேண்டாம். மிஞ்சிய மூட்டை அடுத்த நடையில் போகட்டும். டிரைவர் "வாடை வருகிறது முதலாளி" என்றால் அன்றைய வியாபாரத்தைச் சொல்லி அவரை விரட்டாமல், முதலில் வண்டியைப் பாருங்கள்.