பொருள் வாங்க வேண்டாம்... போன் நம்பர் போதும்! - மாறிவரும் அஃபிலியேட் வருமானம்

“அண்ணி, இந்த லிங்க்கைத் தட்டி உங்க பேரும் நம்பரும் மட்டும் போட்டுடுங்க. எதுவும் வாங்க வேண்டாம்!”

குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் எட்டிப்பார்க்கும் புதுக் கோரிக்கை இது. முன்பெல்லாம், ‘இந்த மிக்ஸி ஆஃபர்ல இருக்கு, என் லிங்க்ல வாங்குங்க’ என்பார்கள். வாங்கச் சொன்னவர்கள் ஏன் நம்பர் கேட்கிறார்கள்?

கமிஷன் கணக்கு

அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பது தரகு வேலையின் ஆன்லைன் வடிவம். அமேசான் 1996-லேயே ‘அசோசியேட்ஸ்’ திட்டத்தைத் தொடங்கிவிட்டது. ஒருவர் பகிரும் லிங்க் வழியாக இன்னொருவர் பொருள் வாங்கினால், விலையில் சிறு பங்கு பகிர்ந்தவருக்கு.

ஆனால், பணம் கைக்கு வருவது அத்தனை சுலபமில்லை. 1,000 ரூபாய் குர்திக்கு 5 சதவிகிதம் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 50 ரூபாய். ‘சைஸ் சரியில்லை’ என்று ரிட்டர்ன் ஆனால் அதுவும் போச்சு. விகிதத்தையும் நிறுவனம் நினைத்தால் மாற்றலாம். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில், ஃபர்னிச்சருக்கான கமிஷனை 8 சதவிகிதத்திலிருந்து 3 ஆகவும், மளிகைக்கு 5-லிருந்து 1 ஆகவும் அமேசான் குறைத்தது.

‘லீட்’ வந்த கதை

இங்கேதான் ‘பே பர் லீட்’ முறை கவர்ச்சியாகத் தெரிகிறது. ஒரு சேவையில் ஆர்வம் காட்டுபவரின் பெயர், போன் நம்பர், ஊர் போன்ற விவரங்கள்தான் ‘லீட்’. அவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், விவரம் தந்ததற்கே பணம்.

பெர்சனல் லோன், ஹெல்த் இன்ஷூரன்ஸ், கல்லூரி அட்மிஷன், வீட்டுமனை... இவற்றையெல்லாம் மிக்ஸி போல ஒரே கிளிக்கில் யாரும் வாங்குவதில்லை. நாலு முறை பேசித்தான் முடிவாகும். அந்தப் பேச்சைத் தொடங்க நிறுவனங்களுக்கு நம்பர் வேண்டும். அதற்குத்தான் விலை.

விற்பனை நடக்காவிட்டால் நஷ்டம் இப்போது நிறுவனத்துக்கு. அதனால் சலிப்பதும் அதிகம். தவறான நம்பர், ஏற்கெனவே வந்த நம்பர், போனை எடுத்ததும் ‘எனக்கு வேண்டாம்’ என்பவர்... இந்த லீட்களுக்கெல்லாம் பணம் மறுக்கப்படலாம். சொந்தக்காரர்களைக் கெஞ்சி நிரப்பிய ஃபார்ம்கள் முதலில் அடிபடுவது இதனால்தான்.

யாருடைய நம்பர்?

மிக்ஸி பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பலாம். கொடுத்த நம்பரைத் திரும்ப வாங்க முடியுமா? ஒரே லீட் பல நிறுவனங்களுக்குக் கைமாறினால், அண்ணியின் போன் காலை முதல் மாலை வரை அடித்துக்கொண்டே இருக்கும். சம்பாதித்தது சில ரூபாய். இழந்தது உறவின் நம்பிக்கை.

தனிநபர் தரவுகளைப் பயன்படுத்த, எதற்காக என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையும் அதில் உண்டு.

கவனிக்க வேண்டியவை

* லிங்க் பகிர்பவர்கள், தங்களுக்குப் பணம் கிடைக்கும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

* எந்த லீட் ஏற்கப்படும், எப்போது பணம் வரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். சேர்வதற்கே ‘டெபாசிட்’ கேட்டால் விலகிவிடுங்கள்.

* ஃபார்ம் நிரப்புபவர்கள், ‘எங்கள் பார்ட்னர்கள் உங்களைத் தொடர்புகொள்ளலாம்’ என்ற பொடி எழுத்தைப் படித்துவிட்டு டிக் செய்யுங்கள். பெயரும் நம்பரும் கேட்கும் ஃபார்மில் ஆதார், பான், ஓ.டி.பி-க்கு வேலையே இல்லை.

* விளம்பர அழைப்புகள் தொல்லை செய்தால் 1909-ல் பதிவு செய்யலாம். பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

வீட்டிலிருந்தே சம்பாதிப்பது நல்ல விஷயம்தான். ஆனால், அண்ணியின் நம்பரைக் கொடுக்கும் முன், அது எங்கே போகிறது என்று அண்ணிக்கும் தெரிந்திருக்க வேண்டும்!