கந்தூரா, தோப், டிஷ்டாஷா... எல்லாம் ஒரே வெள்ளை அங்கிதானா? வளைகுடா உடைகளை அடையாளம் காண்பது எப்படி?

துபாய், ரியாத், மஸ்கட் என்று வேலைக்குப் போகும் தமிழர்களின் கண்ணில் முதலில் படுவது, கணுக்கால் வரை நீளும் அந்த வெள்ளை அங்கிதான். போன புதிதில் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தியிருப்பது போலத்தான் தெரியும். ஆனால் கொஞ்ச நாள் பழகிவிட்டால், எதிரே வருபவர் எந்த நாட்டுக்காரர் என்று கழுத்தையும் தலையையும் பார்த்தே சொல்லிவிடலாம். எப்படின்னு பார்ப்போம்.

கழுத்தைப் பாருங்க!

ஐக்கிய அரபு அமீரகத்தில் இந்த உடைக்குப் பெயர் கந்தூரா. இதில் காலர் கிடையாது. கழுத்தில் இருந்து நீளமான குஞ்சம் ஒன்று தொங்கும்.

ஓமனில் டிஷ்டாஷா என்பார்கள். இதிலும் காலர் இல்லை, குஞ்சம் உண்டு. ஆனால் அது குட்டையாக இருக்கும். அந்தக் குஞ்சத்தில் அத்தர் தொட்டு வைப்பது அங்குள்ளவர்களின் வழக்கம்.

சவுதி அரேபியாவில் தோப். நம்ம ஊர் சட்டை போல விறைப்பான காலர் இருக்கும். கைப்பட்டியில் கஃப்லிங்க் மாட்டுபவர்களும் அதிகம்.

தலையில் என்ன?

சவுதியில் சிவப்பு, வெள்ளை கட்டம் போட்ட துணி பிரபலம். அமீரகத்தில் வெள்ளைத் துணியை அதிகம் பார்க்கலாம். துணி நழுவாமல் இருக்க மேலே வைக்கும் கறுப்பு வளையம்தான் 'அகால்'. ஒரு காலத்தில் ஒட்டகத்தின் காலைக் கட்டப் பயன்பட்ட கயிறுதான் இப்படித் தலைக்கு ஏறியது என்பார்கள்.

ஓமன் பாணியே தனி. அங்கே அகால் கிடையாது. பூவேலை செய்த 'கும்மா' தொப்பி, அல்லது 'மஸ்ஸார்' எனும் தலைப்பாகைதான்.

உடையே அடையாள அட்டை

அமீரகத்தில் சொந்த நாட்டு மக்கள் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மற்றவர்கள் எல்லாம் பிழைக்க வந்தவர்கள். அதனால் அங்கே கந்தூரா வெறும் உடை இல்லை. 'நான் இந்த மண்ணின் குடிமகன்' என்று பேசாமலே சொல்லும் அடையாளம். இதில் ஒரு சுவாரஸ்யமும் உண்டு. உயர்ரக அங்கிகளுக்கான துணி ஜப்பானில் இருந்து வருகிறது. அதைத் தைப்பவர்களில் பலர் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தைச் சேர்ந்த தையல்காரர்கள்.

தப்பா புரிஞ்சுக்கிட்டா?

2022 உலகக்கோப்பை கால்பந்து இறுதிப்போட்டி முடிந்ததும், மெஸ்ஸிக்கு கத்தார் மன்னர் ஒரு மெல்லிய கறுப்பு அங்கியைப் போர்த்தினார். 'அர்ஜென்டினா ஜெர்சியை மறைச்சுட்டாங்களே' என்று பலர் கொதித்தார்கள். உண்மையில் அது 'பிஷ்த்'. அரசர்களும் மணமகன்களும் அணிவது. நம்ம ஊரில் பொன்னாடை போர்த்துவது மாதிரியான மரியாதை அது.

இன்னொரு சம்பவம் வேதனையானது. 2016-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கந்தூரா அணிந்து ஹோட்டலுக்கு வந்த அமீரகத்துக்காரர் ஒருவரை பயங்கரவாதியோ என்று சந்தேகித்து போலீசுக்குத் தகவல் போனது. துப்பாக்கியுடன் வந்த போலீசார் அவரைத் தரையில் கிடத்தி விலங்கு மாட்டினர். பிறகு அந்த நகர நிர்வாகம் மன்னிப்பு கேட்டது. வெளிநாடு போகும்போது தேசிய உடையைத் தவிர்க்குமாறு தன் குடிமக்களுக்கு அமீரக அரசே அறிவுறுத்த வேண்டியதாயிற்று. ஊரில் கௌரவம் தரும் அதே உடை, வேறொரு ஊரில் ஆபத்தாகிவிட்டது.

அப்போ நாம என்ன உடுத்தணும்?

வெளிநாட்டவர் இந்த அங்கியை அணிய வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. பெண்களைப் பொறுத்தவரை, 2019-ல் சுற்றுலா விசாவை அறிமுகப்படுத்தியபோது, வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயமில்லை, கண்ணியமான உடை போதும் என்று சவுதி அறிவித்தது.

துபாய் மால்களில் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தச் சொல்லும் பலகைகளைப் பார்க்கலாம். அபுதாபியின் ஷேக் சயீத் பெரிய மசூதிக்குள் நுழையும் பெண்கள் தலையையும் மூட வேண்டும்.

ஆசைக்கு ஒரு கந்தூரா போட்டுப் பார்க்கலாமா? பாலைவன சுற்றுலாவில் போட்டு போட்டோ எடுப்பவர்கள் நிறைய பேர். ஆனால் அது அங்குள்ளவர்களுக்கு தேசிய அடையாளம். கேலிக்கூத்தாகவோ, உள்ளூர்க்காரர் போல நடிக்கவோ அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே மரியாதை.