புண் கழுவிய கையும் கடவுளின் குணமும்

1697இல் கண்டி நகரை அம்மை பிடித்தது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரைவிட்டு அகன்றான். வசதி உள்ளவர்களும் பின்னாலேயே கிளம்பினார்கள். நோய் கண்டவர்களை வீட்டாரே காட்டோரம் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களைத் தேடிப் போனவர்கள் கோவாவிலிருந்து வந்த இரண்டு குருக்கள்: யோசப் வாஸும் அவருடைய மருமகன் யோசப் கர்வாலியோவும். குடிசை போட்டுக் கொடுத்தார்கள், உணவு ஊட்டினார்கள், சீழ் வடிந்த புண்ணைக் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தரா, கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை.

கண்டி நகருக்கு வெளியே, மாத்தளை மாவட்டத்துக்கும் வாஸ் அந்நியர் அல்ல. கலேவெலப் பக்கம் உள்ள வஹக்கோட்டை, போர்த்துக்கீச வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் கண்டி அரசரின் தயவில் குடியமர்ந்த ஊர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தியிருந்த காலத்தில், குருவே இல்லாமல் கிடந்த இத்தகைய ஊர்களைத்தான் அவர் நடந்து நடந்து தேடினார். இன்று வஹக்கோட்டையில் புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கிறது. ஜூன் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் திரள்கிறார்கள்.

வாஸைப் பற்றிப் பேசுவோர் முதலில் எடுப்பது மழைக் கதை. வறட்சியில் அவர் செபித்தார், மழை கொட்டியது, அவர்மேல் மட்டும் துளி விழவில்லை என்பது மரபு. நல்ல கதைதான். ஆனால் கடவுளுக்கு மழை பெய்விக்கும் வலிமை உண்டு என்று கடவுளை நம்பும் எந்தச் சமயத்தவரும் ஏற்பார்கள். கடவுள் எப்படிப்பட்டவர் என்பதை அந்தக் கதை சொல்லவில்லை. காட்டோரக் குடிசை சொல்கிறது.

இயேசு கடைசி இரவு உணவின்போது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவியதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. அந்த நாட்டில் அது அடிமையின் வேலை. பேதுரு பதறித் தடுத்ததில் வியப்பில்லை. பெரியவர் என்றால் எட்டி நிற்பவர் என்றுதானே நாமும் பழகியிருக்கிறோம்! பெரிய வியாழனன்று இதை ஒரு பணிவுப் பாடமாக மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம். இயேசு அங்கே கடவுள் வேடத்தைக் கழற்றிவைத்துவிட்டுக் குனியவில்லை. குனிவதே அந்தக் கடவுளின் இயல்பு என்பதுதான் கிறிஸ்தவத்தின் துணிச்சலான கூற்று. அரசன் அகன்ற நகரில் வாஸ் தங்கியதும் அதே கூற்றுத்தான், வாய்ச்சொல் இல்லாமல்.

மதம் பரப்ப வந்தவரின் சேவை தூண்டில்தானே என்று கேட்பவர் உண்டு. சாகக்கிடந்த பலருக்கு அவர் திருமுழுக்குக் கொடுத்ததும், நோய் தணிந்தபின் அரசன் அவருக்குக் கூடுதல் சுதந்திரம் தந்ததும் உண்மை. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்குப் போடுகிறவன் தொற்றுநோய்க்காரனின் புண்ணில் கை வைக்க மாட்டான். உளவாளி என்று தன்னை 1692இல் சிறையில் தள்ளிய நகரத்துக்கே அவர் இதைச் செய்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்த அவரை, 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அன்றைய மறையுரையிலும் அந்த அம்மைக் காலப் பணி நினைவுகூரப்பட்டது.

ஆண்டுதோறும் ஜனவரி 16 அவருடைய திருநாள். பங்குச் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்: திருப்பலி முடிந்ததும், துணைக்கு ஆளில்லாமல் லயத்திலோ வைத்தியசாலையிலோ படுத்திருக்கும் ஒருவரிடம் போங்கள். பிரசங்கம் வேண்டாம், முகம் துடைத்துவிட்டு, சோறூட்டிவிட்டு வாருங்கள்.